பூஜை அறைச் சங்கு எதைத் தின்று வளர்ந்தது?

[திரையில்: மும்பை, மாட்டுங்கா. பூஜை அலமாரி, வெள்ளித் தட்டில் இரண்டு சங்குகள்]

வணக்கம். இது என் பெரியப்பா வீடு. வெங்காயம்கூட யோசித்துத்தான் உள்ளே வரும். ஆனால் அலமாரியில் இருக்கிற இந்தச் சின்னச் சங்குக்குச் சொந்தக்காரர் சுத்த அசைவம்.

பெயர் டர்பினெல்லா பைரம். மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கம் மணலில் பாதி புதைந்து கிடக்கும் நத்தை. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் மூழ்கி எடுத்துவருவார்கள். உயிரோடு இருக்கும்போது இந்த வெள்ளையெல்லாம் கிடையாது, மேலே பழுப்பாக ஒரு தோல் மூடியிருக்கும், அதைச் சுரண்டித் தேய்த்த பிறகுதான் இந்தப் பளபளப்பு.

சரி, சாப்பாடு? மணலுக்குள் இருக்கும் கடற்புழுக்கள்.

[க்ளோஸப்: சங்கின் குறுகிய முனை]

தீர்த்தம் விடும்போது தண்ணீர் ஒழுகி வருமே, இந்த மூக்கு, இதன் வழியாகத்தான் நத்தை ஒரு சதைக் குழாயை நீட்டிக் கடல்நீரை உள்ளே இழுக்கும், அந்த நீரிலேயே இரையை மோப்பம் பிடிக்கும், அப்புறம் துதிக்கை மாதிரி வாயை நீட்டிப் புழுவைக் கவ்விவிடும். மோப்பம் பிடித்த வழியிலேயே நாம் அபிஷேகம் செய்கிறோம்.

அடுத்தது வலம்புரி. மூக்கு மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். திறப்பு இடப்பக்கம் இருந்தால் சாதாரணச் சங்கு. வலப்பக்கம் இருந்தால் வலம்புரி, மிக மிக அரிது. விலங்கியல்காரர்கள் சுருள் நுனியை மேலே வைத்துப் பார்ப்பதால், நம் வலம்புரி அவர்களுக்கு இடதுகைக்காரன்!

இதில்தான் ஏமாற்று வேலை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் லைட்னிங் வெல்க் என்று வேறொரு நத்தை இருக்கிறது. அதுவும் வேட்டைக்காரன்தான், சிப்பி தின்னும். அதில் கிட்டத்தட்ட எல்லாமே வலம்புரி மாதிரிதான் திறக்கும், அங்கே அது சர்வ சாதாரணம், இங்கே வந்து இறங்கியதும் வலம்புரி ஆகிவிடுகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். வாய்க்குள் டார்ச் அடியுங்கள். நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள், திருகாணி மரை மாதிரி தெரிந்தால் சங்கு. வழவழவென்று இருந்தால் வெல்க்.

தட்டில் இருக்கிற இரண்டாவது, பெரியப்பா ஒரு கடையில் 18,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வலம்புரி. டார்ச் அடித்தேன். வழவழ. "அவர்கிட்ட மூச்சு விடாதேடா" என்றார் பெரியம்மா. பெரியப்பா யூடியூபில் உபன்யாசம் மட்டும்தான் பார்ப்பார் என்ற தைரியத்தில் இதைப் போடுகிறேன்.