பாட்டி படித்த எழுத்து

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, அரங்கைத் தந்த நூலகத்தாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய எழுத்துகளைப் படிக்கும் பலகை விளையாட்டு ஒன்றைச் செய்திருக்கிறேன். மூன்று சொல்ல வேண்டும்: நம் ஊர்க் கல், என் விளையாட்டு, அதன் விதிகள்.

முதலில் கல். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் நின்ற பாறையில் ஏறத்தாழ 50 வரி எழுத்து இருந்தது. 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தேசிய அரும்பொருளகத்தில் ஒரு துண்டு இருக்கிறது. அதை இன்றுவரை யாரும் படித்து முடிக்கவில்லை. அதன்முன் நின்றபோது என் மனம் பதறியது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்கள். பழக்கம் அறுந்தால் எழுத்து வெறும் கீறல்தான்.

அப்புறம் விளையாட்டு. பிஸ்கட் டப்பா அட்டையை வெட்டி எழுத்துச் சீட்டு செய்தேன். தோ பாயோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் மகளும், 84 வயது அம்மாவும் உட்கார்ந்தார்கள். தாய்லாந்தில் குவான் லுக் பாட் என்னும் இடத்தில் கிடைத்த, பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல்லின் எழுத்தைப் புதிராக வைத்தேன். அது தமிழ் பிராமி, தமிழை எழுதிய மிகப் பழைய எழுத்து.

"அப்பா, இது கூட்டல் குறி" என்றாள் மகள். அதுதான் 'க' என்றேன். பிடித்துக்கொண்டாள். கடைசிச் சொல் 'கல்' என்று வந்தது. முன்னால் 'பெரும்'. நடுவில் 'பதன்'. அங்கே நின்றுவிட்டாள். கைப்பேசியில் தேடப் போனவளைத் தடுத்தேன். கால் மணி நேரம் ஓடியது. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா, "உரைகல்லுன்னா யாருகிட்ட இருக்கும்? பத்தர்கிட்டதானே" என்றார். ஊரில் தோடு செய்துகொடுத்த தட்டாரை அவர் அப்படித்தான் சொல்வார். பெரும் பத்தன் கல்! அந்தக் காலத்தில் 'த்த' வரும் இடத்தில் வெறும் 'த' மட்டும் போட்டும் எழுதியிருக்கிறார்கள். மகள் நாற்காலியில் ஏறி நின்று கத்தினாள்.

பிராமி எழுத்து ஒன்றுகூடத் தெரியாத அம்மா, சுமார் 1,700 ஆண்டுக்கு முந்தைய சொல்லைத் திறந்துவிட்டார். செந்தமிழும் நாப்பழக்கம்! ஆனால் அந்தச் சொல்லை என் மகள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள். தவறு என்னுடையது. வீட்டில் அவளோடு நான் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது இரவுச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தமிழ்தான். உங்கள் வீட்டிலும் ஒரு வேளையையாவது அப்படி ஒதுக்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

விதிகளைச் சொல்ல நேரமில்லை. பின்னால் மேசையில் சீட்டுகள் இருக்கின்றன. பிள்ளைகளோடு பாட்டியையும் உட்கார வையுங்கள்.