நான்கு கிலோமீட்டர் பாக்கி

வணக்கம். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் ஓடி முடித்தேன். 5 கிலோமீட்டர், 37 நிமிடம். இன்று தேதி 24. இந்த மாதக் கணக்கு 77 கிலோமீட்டரில் நிற்கிறது, இலக்கு 100. இன்றைக்கு உங்களிடம் பேச வந்தது அந்த 77-ஐப் பற்றித்தான்.

இதோ என் நோட்டு. வெளிச்சம் போதுமா? சரி, இப்படித் திருப்பிக் காட்டுகிறேன். ஒரு பக்கம் ஒரு மாதம், ஒரு கட்டம் ஒரு நாள். வாட்ச் எல்லாவற்றையும் தானாகவே பதிந்துவிடும், அது வேறு விஷயம். ஆனாலும் ஓடி வந்த கையோடு பேனாவால் எழுதினால்தான் அந்த ஓட்டம் எனக்குள் இறங்குகிறது. 11ஆம் தேதிக் கட்டத்தைப் பாருங்கள். 'காய்ச்சல்' என்று எழுதியிருக்கிறேன். அன்று ஓட வேண்டியது 5 கிலோமீட்டர். அது போய்விட்டது.

மாதத் தொடக்கத்தில் போட்ட திட்டத்தைச் சொல்கிறேன். 100 கிலோமீட்டரை 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 3.33 வரும். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் என்னைப் போன்ற ஆளுக்குத் தினமும் ஓடுவது சரிப்படாது, நடுவில் கால் ஆற நாள் வேண்டும். அதனால் வாரத்துக்கு நான்கு ஓட்டம்: மூன்று நாள் 5, ஒரு நாள் 9. வாரத்துக்கு 24 ஆயிற்று. நான்கு வாரத்துக்கு 96, கடைசி இரண்டு நாளில் ஒரு 5. மொத்தம் 101. அதிலே ஒரு ஓட்டம் காய்ச்சலில் போனதால் இப்போது 96-இல்தான் முடியும். 26ஆம் தேதி 5, 28ஆம் தேதி 9, 30ஆம் தேதி 5. எப்படிக் கூட்டினாலும் நான்கு கிலோமீட்டர் பாக்கி.

இந்த நான்கை நான் ஓடப் போவதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான்கு மாதம் பின்னால் போக வேண்டும்.

அந்த மாதமும் இலக்கு 100 தான். முதல் வாரம் உற்சாகத்தில் 26 கிலோமீட்டர் ஓடினேன். அடுத்த இரண்டு வாரம் வேலை நெருக்கி, 21ஆம் தேதி நோட்டைப் பார்த்தால் 48. ஒன்பது நாளில் 52 கிலோமீட்டர். முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 22ஆம் தேதி 8 ஓடப் போனவன், கால் நன்றாக இருக்கிறதே என்று ஒன்றைக் கூட்டி 9 ஆக்கினேன். மறுநாளும் 9. அதற்கு மறுநாள் 10. மூன்றே நாளில் 28 கிலோமீட்டர். 25ஆம் தேதி காலை கட்டிலைவிட்டு இறங்கிக் காலைத் தரையில் வைத்ததும் வலது முன்னங்காலின் உள்பக்கம் சுரீர் என்றது.

அந்த இடத்தைக் காட்டுகிறேன். முன்னங்கால் எலும்பு தெரிகிறதல்லவா, அதன் உள் ஓரத்தில், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தால் ஒரு சாண் நீளத்துக்கு வலித்தது. இதைத்தான் ஷின் ஸ்பிளின்ட் என்கிறோம். வலி இப்படி நீளமாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் அதுதான். ஒரே புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் குத்தினால் எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கக்கூடும். அப்போது ஓடவே கூடாது, மருத்துவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

அந்த மாதம் 76-இல் நின்றது. அடுத்த மாதம் முதல் இரண்டு வாரம் ஓட்டமே இல்லை. பிறகு நடையும் ஓட்டமுமாக மெல்ல ஆரம்பித்து, மாத முடிவில் 41. இரண்டு மாதமும் சேர்ந்து 117. கடைசி வாரம் அவசரப்படாமல் என் வழக்கப்படி ஓடியிருந்தால் அந்த மாதம் 65 ஆகியிருக்கும், அடுத்த மாதம் ஒரு 80 ஆகியிருக்கும். 145. விட்டதைப் பிடிக்கப் போய் 28 கிலோமீட்டரை இழந்தேன். மூன்று நாளில் ஓடிச் சேர்த்ததும் அதே 28 தான். வட்டியும் முதலுமாகப் போனது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை அப்புறம்தான் தேடிப் படித்தேன். நாம் ஓட ஆரம்பித்தால் இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. மூச்சு இரைப்பது குறையும், இன்னும் ஓடலாம் என்று தோன்றும். ஆனால் தசைநாணும் எலும்பும் அந்த வேகத்துக்கு வருவதில்லை, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். எலும்பு எப்படி வலுப்பெறுகிறது தெரியுமா? அழுத்தம் வாங்கிய இடத்தில் பழைய எலும்பு முதலில் அரிக்கப்படுகிறது, அதன் பிறகே புது எலும்பு கட்டப்படுகிறது. நடுவில் சில வாரங்கள் அந்த இடம் முன்பைவிடப் பலம் குறைந்திருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து நாம் அகலக்கால் வைக்கிறோம். மூச்சு சம்மதிக்கிறது, எலும்பு தயாராக இல்லை.

அந்த 41-க்குப் பிறகு 62, அடுத்த மாதம் 80, இந்த மாத இலக்கு 100 என்று ஏறி வந்திருக்கிறேன். படிப்படியாக வந்த இந்த எண்கள்மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் உண்டு.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் ஓட்டங்கள் பெரும்பாலும் மெதுவானவை, முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத்தர வீரர்களின் பயிற்சியைப் பார்த்து, அவர்கள் பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இப்படி இலேசானவைதான் என்று சொல்லியிருக்கிறார். ஒலிம்பிக் போகிறவர்களே அப்படி என்றால், மாதம் 100 ஓடுகிற நாம் ஒவ்வொரு நாளும் நாக்குத் தள்ள ஓட வேண்டிய அவசியம் இல்லை.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாசலுக்கு வந்து வாட்ச்சைப் பார்த்தால் 4.93. முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் விளக்குக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி 5.00 ஆன பிறகுதான் பொத்தானை அழுத்துவேன். ஓடுகிற பலர் இதைச் செய்வார்கள், பார்த்திருக்கிறேன். இன்று அங்கேயே அழுத்திவிட்டேன். மரங்களுக்கு அடியிலும் உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவிலும் ஓடினால் ஜிபிஎஸ் நூற்றுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே காட்டும். ஐந்து கிலோமீட்டருக்கு அதுவே 50 முதல் 100 மீட்டர். நான் துரத்த நினைத்த 70 மீட்டர் அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நோட்டில் 5 என்று எழுதிக்கொண்டேன்.

100 என்பதும் அப்படி நாமாக வைத்துக்கொண்ட எண்தானே. மாரத்தானின் 42.195 கிலோமீட்டரே 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையிலிருந்து அரங்கத்தில் அரச குடும்பம் அமரும் இடத்தின் முன்பு வரை ஓட வைத்ததால் வந்த தூரம். 1921-இல்தான் அதை நிரந்தர அளவாக்கினார்கள். மாதக் கணக்கும் அப்படித்தான். பிப்ரவரியில் 28 நாள், மார்ச்சில் 31. காலுக்குக் காலண்டர் தெரியாது, நேற்று எவ்வளவு ஓடினோம், எவ்வளவு தூங்கினோம் என்பதுதான் அதற்குத் தெரியும்.

அப்படியானால் இலக்கே எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு அது வேண்டும். விடியற்காலையில் அலாரம் அடிக்கும்போது எழுப்பிவிடுவது அந்த எண்தான். 100 என்று ஒன்று இல்லாவிட்டால் இந்த மாதம் ஆறேழு நாள் போர்வைக்குள்ளேயே போயிருக்கும்.

பாக்கி நான்கையும் மூன்று ஓட்டத்தில் பிரித்துச் சேர்த்தால் என்ன, காலா உடைந்துவிடும் என்றும் தோன்றலாம். உடையாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மாதமும் 8-ஐ 9 ஆக்கியதில்தான் ஆரம்பித்தது. அதனால் இந்த மாதம் முதல் தேதியே நோட்டின் மேல் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டேன், இதோ பாருங்கள்: 'விட்ட ஓட்டம் விட்டதுதான்.' காய்ச்சல் வந்த அன்று படுத்துக்கிடந்தது சரியான முடிவு. அதற்கு இப்போது அபராதம் கட்ட மாட்டேன். 96 என்று எழுதும்போது மனசு கொஞ்சம் வலிக்கும், மறைக்க விரும்பவில்லை. மூன்று இலக்க எண்ணை அந்தக் கட்டத்தில் பார்க்க அவ்வளவு ஆசைப்பட்டேன்.

நாளைக்கு ஓய்வு. ஷூவைக் கழற்றி, பாதத்துக்கு அடியில் இருக்கும் உள் அட்டையை வெளியே எடுத்துக் காய வைக்க வேண்டும், ஈரமாக இருக்கிறது. கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்துவிட்டேன், வலி இல்லை. நாளை மறுநாள் 5 கிலோமீட்டர். 30ஆம் தேதி கடைசி ஓட்டத்தை முடித்துவிட்டு நோட்டோடு வருகிறேன்.