ஓடைக் கல்லைப் புரட்டிப் பாருங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் நீலகிரியில் குந்தா பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். 31 வருடம் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கேரட் தோட்டம், தோட்டம் முடிகிற இடத்தில் ஓர் ஓடை. வரைபடத்தில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. ஒரு நல்ல தாண்டு தாண்டினால் அக்கரைக்குப் போய்விடலாம். இன்று அந்த ஓடையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் ஓடைத் தண்ணீர் குந்தா அணைக்குப் போகிறது. அங்கிருந்து மலைக்குள்ளே குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி கெத்தையில் மின்சாரம் தருகிறது, அப்புறம் பரளியில் தருகிறது, கடைசியில் பில்லூர் அணையில் வந்து நிற்கிறது. பில்லூர் தண்ணீர் கோயம்புத்தூருக்குக் குடிநீர். அதையும் தாண்டி பவானியாகிப் பவானிசாகருக்குப் போய், ஈரோட்டுப் பக்கம் வயலுக்குப் பாய்கிறது. எங்கள் தோட்டத்துப் பூச்சிமருந்து டேங்கை ஓடையில் கழுவினால், அது யார் வீட்டுக் குழாயை நோக்கிப் போகிறது என்று வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பேன். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் தன் அக்காவின் பெயரை ஒரு பிள்ளை சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் விளக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

இந்த மலையின் தண்ணீரைப் பற்றிப் பேசினால் டிரவுட் மீனைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது இந்த மண்ணின் மீன் அல்ல. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இங்கே டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. பிறகு வில்சன் என்ற மீன்வள அதிகாரி 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் இங்கே நிலைத்தது. வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்த மீனுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஊரில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். புதிய ஓடைகளில் டிரவுட்டைக் கொண்டுபோய் விடக்கூடாது என்பதில் நானும் உறுதியாக இருக்கிறேன். தலைப்பிரட்டை, சிறு மீன் எல்லாவற்றையும் அது தின்றுவிடும். ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக அது வாழ்ந்துவரும் ஓடைகளில் அது நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. அந்தச் செய்திதான் எனக்கு முக்கியம்.

டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். 20 டிகிரிக்கு மேல் போனாலே திணறத் தொடங்கும். தண்ணீர் குளிரக் குளிர, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கூடும். கடல் மட்டக் கணக்கில் 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவுக்குக் கரையும், 25 டிகிரியில் 8 சொச்சம்தான். கரையோரச் சோலை மரத்தை வெட்டி ஓடையில் வெயில் விழ விட்டாலே மீனின் மூச்சில் கைவைத்த மாதிரிதான். இன்னொன்றும் உண்டு. பெண் மீன் வாலால் கூழாங்கல்லைத் தோண்டி அதன் இடுக்கில் முட்டையிடும். கல்லுக்கு நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்குக் காற்று. மேலே தோட்டத்து மண் கரைந்து வந்து அந்த இடுக்கை அடைத்துவிட்டால் முட்டை அப்படியே செத்துப்போகும். விஷம் எதுவும் தேவையில்லை, வெறும் மண் போதும்.

எங்கள் ஓடையில் டிரவுட் இல்லை, அவ்வளவு தண்ணீர் கிடையாது. அதனால் பிள்ளைகளுக்கு வேறு வழி சொல்லிக்கொடுத்தேன். நீங்களும் செய்யலாம். ஓடும் தண்ணீரில் உள்ளங்கை அளவுக் கல்லை எடுத்து மெதுவாகப் புரட்டுங்கள். அடிப்பக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வாலில் மூன்று முடி நீட்டியபடி சிறு பூச்சிக் குஞ்சு ஓடினால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. இரண்டு முடியும் நீண்ட மீசையும் உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது, அது அழுக்குத் தண்ணீரில் தங்காது. மணலைக் கோத்து அரிசி அளவில் கூடு கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் புழுவும் நல்ல அடையாளம். இவை எதுவும் இல்லாமல் சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால், மேலே எங்கிருந்தோ கழிவு வருகிறது என்று பொருள். பார்த்த கல்லை அதே இடத்தில் அதே மாதிரி வைத்துவிடுங்கள், அது அவற்றின் வீடு.

பிள்ளைகள் ஒரு வருடம் மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்துக் குறித்தார்கள். கேரட் கழுவும் இடத்துக்கு மேலே மூன்று முடிப் பூச்சி இருந்தது. கீழே ஒன்றுகூட இல்லை.

இங்கேதான் எனக்குச் சங்கடம் வந்தது. கேரட் கழுவுகிறவர்கள் என் சொந்தக்காரர்கள், என் பழைய மாணவர்கள். விடிவதற்குள் மூட்டையை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்ற வேண்டும், மண் ஒட்டிய கேரட்டுக்கு விலை கிடையாது. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் ‘நீங்கள் ஓடையைக் கெடுக்கிறீர்கள்’ என்று சொல்லியிருந்தால், அன்றோடு பேச்சு முடிந்திருக்கும். நான் போய் கேரட் கழுவும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, கழுவிவரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் அடியில் இரண்டு விரல்கடை மண் படிந்துவிட்டது. கறுப்பு மண். ‘அண்ணே, இது எரு போட்ட மண்தானே?’ என்று கேட்டேன். அவர் பாட்டிலை வாங்கி ஆட்டி ஆட்டிப் பார்த்தார். ‘லோடு லோடாகக் காசு கொடுத்து எரு இறக்கினது இது டீச்சர்’ என்றார்.

அடுத்த மாதம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குழி வெட்டினார்கள். கழுவிய தண்ணீர் முதல் குழியில் நிற்கும், தெளிந்து இரண்டாவதில் வழியும், அதற்குப் பிறகுதான் ஓடை. அடியில் தங்கும் மண்ணை வாரித் தோட்டத்திலேயே போடுகிறார்கள். கரையில் பத்தடிக்குப் புல்லை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். எல்லோரும் அல்ல. ஐந்து பேரில் மூன்று பேர்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அன்று எங்கள் சரிவிலும் தோட்டங்கள் ஆற்றோடு போயின. சோலையும் புல்வெளியும் மழையைக் குடித்து மெல்ல மெல்லக் கசியவிடும். வாட்டில் என்கிற சீகையும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும் நட்ட இடத்திலும், சதுப்பை வடித்துக் கேரட் போட்ட இடத்திலும் அந்தப் பொறுமை மண்ணுக்குக் கிடையாது. மழையில் வெள்ளம், மார்ச்சில் வறண்ட ஓடை.

தோட்டக்காரர்களோடு பேசி வழி கண்டோம். பேசிப் பயனில்லாத இடமும் உண்டு. எங்களுக்கு மேலே ஒரு காட்டேஜின் கழிவுநீர்க் குழாய் நேராக ஓடையில் விழுந்தது. ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம், வாய்மொழியாகச் சரி என்றார்கள், எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்போது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். குழாயின் புகைப்படத்தை ஒரே இடத்தில் நின்று, தேதியோடு, பல நாள் எடுங்கள். பிறகு மனுவின் நிலை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எங்களுக்கு அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் ஆள் வந்து பார்த்தார்கள். குழாய் இப்போது தொட்டிக்குள் போகிறது. பிளீச்சிங் பவுடர் கொட்டி மீன் பிடிப்பதைப் பார்த்தாலும் சும்மா இருக்காதீர்கள். தண்ணீரில் விஷம் கலந்தோ வெடி வைத்தோ மீன் பிடிக்கக்கூடாது என்று 1897-லேயே சட்டம் இருக்கிறது.

ஆற்றுக்கு மரியாதை செய்வது இந்த மலைக்குப் புதிதில்லை. தோடர்களுக்குப் பைக்காராவும் அவலாஞ்சி ஆறும் தெய்வங்கள். அந்த ஆறுகளைக் கடக்கும்போது போர்வைக்குள் இருக்கும் வலது கையை வெளியே எடுத்து, தோளைத் திறந்து கடப்பது அவர்கள் வழக்கம். பெரியவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி. இதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, ஓடைக்குள் இறங்குமுன் நானும் தோள் சால்வையை இறக்கிக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் அங்கே எழுந்து பேசலாம். பேரூராட்சியில் இருப்பவர்கள் கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். எங்கள் ஊரில் மூன்று கோரிக்கைகளை எழுதி வைத்திருக்கிறோம்: கேரட் கழுவும் இடம் ஒவ்வொன்றுக்கும் படிவுக்குழி, ஓடைக்கரை அளந்து கல் நடுவது, கழிவு லாரிகள் இரவில் ஓடைப் பக்கம் வராமல் பார்ப்பது. மீதி இரண்டு தோட்டக்காரர்களும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிலை நான் எடுத்துப்போகிறேன்.

நன்றி, வணக்கம்.