மெகாவாட் கணக்கும் ராத்திரி ஏழரை மணியும்

நேயர்களுக்கு வணக்கம்.

நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரியோ எரிவாயுவோ எரிக்காத வகை என்று 2025-இல் செய்தி வந்தது. உண்மைதான். அந்த ஜூன் மாதக் கணக்குப்படி மொத்த நிறுவுதிறன் ஏறக்குறைய 4,85,000 மெகாவாட். அதில் 2,42,000-க்கு மேல் வெயில், காற்று, நீர், அணு, கரும்புச் சக்கை மாதிரி உயிரிக் கழிவு இவற்றைச் சேர்ந்தது. 2030-க்குள் எட்டுவதாகச் சொன்ன இலக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் 2024-25-இல் உற்பத்தியான மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியில் இருந்துதான் வந்தது. பாதி எங்கே, ஏழு பங்கு எங்கே?

சென்னைக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டாம். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி வறண்டு கிடந்த 2019 ஜூனிலும் கொள்ளளவு அதேதான்! மெகாவாட் என்பது கொள்ளளவு. யூனிட்தான் தண்ணீர்.

மொட்டை மாடியில் ஒரு கிலோவாட் சோலார் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் முழு வீச்சில் ஓடினால் 24 யூனிட் வர வேண்டும். நம் ஊர் வெயிலில் வருஷ சராசரி, நாளுக்கு நாலு யூனிட். அதுவும் தூசியைத் துடைத்து, தண்ணீர்த் தொட்டியின் நிழல் படாமல் வைத்தால். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் மந்தமாகிவிடும். அதே ஒரு கிலோவாட், அனல் மின் நிலையத்தில் என்றால், பழுது பராமரிப்பு எல்லாம் போக நாளுக்குப் பதினாறு யூனிட் அளவில் தரும். நாலுக்குப் பதினாறு. ஆகவே யாராவது மெகாவாட் சொன்னால், "வருஷத்துக்கு எத்தனை யூனிட்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. பேட்டரி இல்லாத மாடி சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். ரிப்பேர் என்று நினைத்துப் பலர் போன் போடுகிறார்கள். ரிப்பேர் இல்லை. தெருவில் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரே துண்டித்துக்கொள்கிறது.

அடுத்த கேள்வி, எந்த நேரத்து யூனிட்? முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் வைகாசி தொடங்கி நாலைந்து மாதம் கொட்டிக் கொடுக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில்? வெயிலும் அப்படித்தான். நண்பகலில் மிஞ்சும். ராத்திரி ஏழரை மணிக்கு விளக்கு, மிக்சி, ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும்போது சோலார் பூஜ்யம். அந்த இடைவெளியை நிரப்ப, வால்பாறை மலையில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980-களிலிருந்தே இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நாலு யூனிட் செலவழித்தால் மூன்றுதான் திரும்பும், இருந்தாலும் ஏழரை மணிக்கு அந்த மூன்றுக்குத்தான் மதிப்பு. அங்கே இருப்பது 100 மெகாவாட் இயந்திரங்கள் நாலு, மொத்தம் 400. மாநிலத்தின் தேவையோ 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. முன்னேற்றத்தை அளக்க வேண்டுமானால், சேமிப்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எண்ணெயைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். கடிகாரம் விடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் நிலத்தடிக் குகைகளில் அவசர இருப்புக்காக 53 லட்சம் டன் அளவுக்கு இடம் இருக்கிறது. நிரம்பியிருந்தால் ஒன்பதரை நாளைக்கு வரும். எண்ணெய் நிறுவனங்களின் சொந்த இருப்பு தனி. சமையல் எரிவாயுவும் பாதிக்கு மேல் இறக்குமதிதான், ஆனால் இந்தக் குகைகள் கச்சா எண்ணெய்க்கு மட்டும். சிலிண்டருக்கு எத்தனை நாள் இருப்பு என்பதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

வணக்கம்.