நள்ளிரவுக் காட்சிக்கு ஒரு செய்தித்தாள்

நேயர்களுக்கு வணக்கம். அக்டோபர் 31 வந்தால் அமெரிக்காவில் பிள்ளைகள் பேய் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவார்கள். வாசலில் பூசணிக்காயைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்திருப்பார்கள். ஹாலோவீன். இதெல்லாம் நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது அந்தப் பிள்ளைகள் தூங்கப் போன பிறகு நடக்கும் ஹாலோவீனைப் பற்றி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ஒரு பழைய தியேட்டர் வாசலில், கையில் செய்தித்தாளோடு வரிசையில் நிற்கிற பெரியவர்களைப் பற்றி. செய்தித்தாள் என்றேன், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் பார்க்கப் போகிற படம் 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'. 1975-இல் வந்த திகில் நகைச்சுவைப் படம். பாட்டும் ஆட்டமும் நிறைய. வந்தபோது ஓடவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு தியேட்டரில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஐம்பது வருடம்!

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிராட், ஜேனட் என்று கல்யாணம் நிச்சயமான ஒரு இளம் ஜோடி. மழை ராத்திரியில் கார் டயர் பஞ்சர். போன் பண்ண வேண்டும் என்று பக்கத்திலிருக்கிற பழைய மாளிகைக்கு நடந்து போகிறார்கள். அங்கே ஃபிராங்க் என்று ஒரு விஞ்ஞானி. ஆண்தான், ஆனால் உதட்டுச்சாயம், பெண்களின் உள்ளாடை, ஹை ஹீல்ஸ். ஆய்வுக்கூடத்தில் தனக்காக ஓர் அழகான ஆணையே செய்துகொண்டிருக்கிறான். மீதியைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வானொலியில் பேசுவதால் இதை மட்டும் சொல்லியாக வேண்டும். அந்தக் கார் மழையில் போகும்போது ரேடியோ ஓடுகிறது. அதில் கேட்கிற குரல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சனுடையது. 1974 ஆகஸ்டில் பதவி விலகுவதாக அறிவித்த அதே உரை. ஜோடி வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எந்த நாட்டிலிருந்து, எந்த நேரத்திலிருந்து கிளம்பி அந்த மாளிகைக்குப் போகிறார்கள் என்று ரேடியோ சொல்லிவிடுகிறது. நான் முதலில் இந்தப் படத்தை விரும்பியது இந்த இடத்துக்காகத்தான்.

முதலில் இது நாடகம். லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரின் மாடியில், 63 பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன அறையில் 1973 ஜூனில் தொடங்கியது. எழுதியவர் ரிச்சர்ட் ஓ'பிரையன். பழைய, மலிவான பேய்ப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். மாளிகையின் கூன் விழுந்த வேலைக்காரனாக அவரே நடித்தார். ஃபிராங்காக டிம் கர்ரி. இருவரும் அப்படியே படத்துக்கும் வந்தார்கள். விண்ட்சருக்குப் பக்கத்தில், தேம்ஸ் நதிக்கரையில் ஓக்லி கோர்ட் என்ற பாழடைந்த மாளிகையில் படப்பிடிப்பு. கூரை ஒழுகும், கணப்பு கிடையாது. ஜேனட்டாக நடித்த சூசன் சரண்டனுக்கு நிமோனியாவே வந்துவிட்டது.

அந்த ஜேனட், மழைக்குத் தலையில் ஒரு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவாள். சொன்னேன் அல்லவா, செய்தித்தாள். இங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

1975 ஹாலோவீன் ராத்திரியில் நியூயார்க்கில் இந்தப் படத்தை வெளியிட ஏற்பாடு இருந்தது. மற்ற ஊர்களில் கூட்டம் இல்லை என்று அதை ரத்து செய்துவிட்டார்கள். இன்று ஹாலோவீன் என்றாலே நினைவுக்கு வருகிற படத்துக்கு, முதல் ஹாலோவீன் கிடைக்காமலே போனது. அப்புறம் 1976 ஏப்ரல் முதல் தேதி, நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் வேவர்லி என்ற தியேட்டர் அதை நள்ளிரவுக் காட்சியாகப் போட்டது. கொஞ்சம் பேர் வந்தார்கள். வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அப்படித் திரும்ப வந்தவர்களில் ஒருவர் மழலையர் பள்ளி ஆசிரியர். அந்த வருடக் கோடை முடியும் சமயம், ஜேனட் செய்தித்தாளைத் தலையில் பிடித்துக்கொண்டு நனைகிற காட்சியில் அவர் திரையைப் பார்த்துச் சத்தம் போட்டாராம்: ஒரு குடை வாங்கக் கூடாதா, இவ்வளவு கஞ்சத்தனமா! தியேட்டரே சிரித்தது. அடுத்த வாரம் வேறொருவர் வேறொரு வசனத்துக்குப் பதில் சொன்னார். அந்த ஹாலோவீனுக்குள் ஃபிராங்க் மாதிரியும் வேலைக்காரி மாதிரியும் வேடம் கட்டிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அதே கூட்டத்திலிருந்து வந்த சால் பைரோ என்பவர் ரசிகர் மன்றத் தலைவரானார். ஆயிரம் தடவைக்கு மேல் படத்தைப் பார்த்தவர்.

நான் அமெரிக்காவில் வேலை பார்த்த வருடங்களில் ஒரு ஹாலோவீன் ராத்திரி நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். வாசலிலேயே ஒரு பெண் என் நெற்றியில் உதட்டுச்சாயத்தால் ஆங்கில 'வி' எழுத்தைப் போட்டுவிட்டாள். முதல்முறை வருகிறவர்களுக்கு அந்த அடையாளம். கையில் ஒரு காகிதப் பை. உள்ளே அரிசி, ரப்பர் கையுறை, வாட்டிய ரொட்டி, ஒரு பழைய செய்தித்தாள். படம் ஆரம்பித்ததும் ஒரு கல்யாணம். அட்சதை போடுவது போல் தியேட்டர் முழுக்க அரிசி பறந்தது. திரையில் ஒருவர் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொன்னால் ரொட்டி பறக்கிறது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் டோஸ்ட் என்றுதானே பெயர்! திரைக்கு முன்னால் உள்ளூர்க் குழு ஒன்று அதே உடையில், அதே வசனத்துக்கு வாயசைத்து நடித்துக்கொண்டிருந்தது.

மழைக் காட்சி வந்தது. பின்வரிசையிலிருந்து தண்ணீர்த் துப்பாக்கி. எனக்குப் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, முத்துமாலையும் தொப்பியுமாக. என் செய்தித்தாள் கீழே விழுந்துவிட்டது. அவர் தன் தாளை நடுவில் பிரித்து, பாதியை என் தலையில் வைத்தார். பேசவே இல்லை, கண் திரையிலேயே இருந்தது. மை கரைந்து அவர் விரலெல்லாம் கறுப்பு, என் நெற்றியிலும் கறுப்பு. மறுநாள் காலை தலை சீவும்போது சீப்பில் அரிசி வந்தது.

நம் தியேட்டரிலும் முதல் நாள் முதல் காட்சியில் காகிதம் பறக்கும், விசில் பறக்கும். அது நாயகனின் முகம் தெரிந்த சந்தோஷம். அந்த ராத்திரி எனக்கு நினைவுக்கு வந்தது தெருக்கூத்து. அரசன் பேசப் பேசக் கட்டியங்காரன் குறுக்கே புகுந்து கிண்டல் செய்வான் இல்லையா? அங்கே இருநூறு கட்டியங்காரர்கள். படம் அதற்கு இடமும் கொடுக்கிறது. கதை சொல்கிறவராக வரும் சார்ல்ஸ் கிரே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். வீட்டில் தனியாகப் பார்த்தால் இழுப்பதாகத் தோன்றும். தியேட்டரில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பதில் வந்து விழுகிறது.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் உண்டு. எழுபதுகளில் ஆணாகப் பிறந்து பெண்ணுடை உடுத்த ஆசைப்பட்டவருக்கு, தன்பாலீர்ப்பு கொண்டவருக்கு, தெருவில் அடி விழும் காலம். சனிக்கிழமை நள்ளிரவில் இந்த ஒரு தியேட்டரில் அவர்களைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. ஹாலோவீன் அன்று அப்படியே உடுத்தித் தெருவிலும் நடந்து வரலாம். எல்லாரும்தானே வேடத்தில் இருக்கிறார்கள்? அந்த ஒரு நாள் அவர்களுக்கு எவ்வளவு பெரிய நாளாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் படம் இத்தனை காலம் நிலைத்ததற்கு முதல் காரணம் அவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். பாட்டுகளைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது. ஊர்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் மியூனிக்கின் மியூசியம் லிக்ட்ஷ்பீலே தியேட்டரில் 1977-இலிருந்து ஓடுகிறது. அப்புறம் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரம், கிளின்டன் ஸ்ட்ரீட் தியேட்டர். 1978-இலிருந்து சனிக்கிழமை தவறியதில்லை. 2020-இல் கொரோனா வந்து தியேட்டரை மூடினார்கள். அப்போதும் சனிக்கிழமை தோறும் ஒரு ஊழியர் தனியாக வந்து, காலி நாற்காலிகளுக்கு முன்னால் படத்தை முழுசாக ஓட்டிவிட்டுப் போனார்.

நீங்கள் எங்காவது போக நேர்ந்தால் அரிசி வேண்டாம். தரை வழுக்குகிறது, எலி வருகிறது என்று இப்போது பல தியேட்டர்களில் விடுவதில்லை. செய்தித்தாள் எடுத்துப் போங்கள். இரண்டாக எடுத்துப் போங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் ஆகும். வணக்கம்.