ஒரே ஸ்டிக்கர் எல்லா டோல்கேட்டிலும் எப்படிச் செல்கிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். சென்ற வாரம் டோல் கட்டணம் பற்றிப் போட்ட வீடியோவுக்கு நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் ஒருவர் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்டது இது: "சார், என் வண்டிக்கு ஃபாஸ்டேக் இங்கே ஒரு வங்கியில் வாங்கியது. லூதியானா வரை அதே ஸ்டிக்கரில் போய் வருகிறது. என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். கலிபோர்னியாவில் வாங்கிய டேக் நியூயார்க்கில் எடுக்காது என்கிறான். நம் ஊரில் முடிந்தது அங்கே ஏன் முடியவில்லை?"

நல்ல கேள்வி. பலரும் இதைத் தொழில்நுட்பப் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் வண்டியை நிறுத்துவது ரேடியோ அலை அல்ல, கணக்கு வழக்கு. ஓர் ஊர் வசூலித்த பணத்தை இன்னோர் ஊருக்குக் கொடுக்க யார் பொறுப்பு, பணம் வராமல் போனால் நஷ்டம் யாருக்கு, இதை எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டார்களா? அதுதான் விஷயமே.

சரி, உங்கள் லாரி ஓமலூர் டோல்கேட்டுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. மேலே இருக்கும் ஆன்டெனா அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. இந்தியாவில் இதற்கு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. அந்த ஸ்டிக்கருக்குள் உங்கள் பணம் இல்லை, அதில் இருப்பது அடையாளம் மட்டும்தான்.

அந்த எண் டோல்கேட் கணினிக்குப் போகிறது. அந்த டோல்கேட்டுக்கென்று ஒரு வங்கி உண்டு. உங்களுக்கு ஸ்டிக்கர் கொடுத்தது வேறு வங்கி. இரண்டுக்கும் நடுவில் என்பிசிஐ நிற்கிறது. யூபிஐ நடத்துகிறதே, அதே அமைப்புதான். எந்த எண் எந்த வங்கியுடையது, எந்த வண்டிக்கு, வண்டி என்ன வகை, டேக் உயிரோடு இருக்கிறதா முடங்கிவிட்டதா என்ற பெரிய பதிவேடு அவர்களிடம் இருக்கிறது. டோல்கேட்டின் வங்கி கேட்கும், என்பிசிஐ உங்கள் வங்கியிடம் கேட்கும், உங்கள் வங்கி பணத்தைக் கழித்துக் கொடுக்கும். ஒரு வங்கியின் ஏடிஎம் கார்டை இன்னொரு வங்கியின் ஏடிஎம்மில் போட்டால் பணம் வருகிறது அல்லவா, கிட்டத்தட்ட அதே கதை. அந்த ஏடிஎம் இணைப்பையும் நடத்துவது என்பிசிஐதான். அதனால் அவர்களுக்கு இது புது வேலை இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இவ்வளவு கேள்வி-பதிலும் முடியும் வரை தடுப்புக் கம்பம் காத்திருந்தால் ஓமலூரில் வரிசை தொப்பூர் வரை போய்விடும். அதனால் பணம் இல்லாத, முடக்கப்பட்ட டேக்குகளின் பட்டியலை டோல்கேட் கணினி முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். உங்கள் எண் அதில் இல்லையென்றால் கம்பம் தூக்கிவிடும், பணக் கணக்கு பின்னால் ஓடும். சில நேரம் நீங்கள் அடுத்த டோல்கேட்டை நெருங்கும்போது முந்தைய டோல்கேட்டின் எஸ்எம்எஸ் வருவது இதனால்தான். லேனில் நின்றுகொண்டே ரீசார்ஜ் செய்தாலும் "பிளாக்லிஸ்ட்" என்று காட்டுவதும் இதனால்தான்: உங்கள் வங்கியில் பணம் ஏறிவிட்டது, அந்தச் செய்தி டோல்கேட்டின் பட்டியலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பொருந்துவது என்றால் வண்டி வகையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். கார், இலகு சரக்கு வண்டி, இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) லாரி, மூன்று ஆக்சில், நாலிலிருந்து ஆறு, ஏழும் அதற்கு மேலும் என்று 2008ல் வந்த தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் பிரித்திருக்கின்றன. காகிதத்தில் எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் டாடா ஏஸ் மாதிரி குட்டி யானையை எதில் சேர்ப்பது? ஓர் ஊரில் கார் கணக்கு, இன்னோர் ஊரில் சரக்கு வண்டிக் கணக்கு என்றால் தினம் ஒரு பஞ்சாயத்து. ஃபாஸ்டேக் வகைப் பட்டியலில் "டாடா ஏஸ் மற்றும் அதுபோன்ற வண்டிகள்" என்று தனியாக ஒரு வரிசையே இருக்கிறது. ஒரு கம்பெனியின் வண்டிப் பெயர் தேசிய அட்டவணைக்குள் ஏறியிருக்கிறது என்றால் அந்த இடத்தில் எவ்வளவு இழுபறி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்கு ஒரு வசதி இருந்தது. தாமதமாகத் தொடங்கினோம். டெல்லி–குர்கான் போன்ற சில சாலைகளில் தனித்தனி டேக் இருந்தது உண்மை. ஆனால் பெரிதாக எங்கும் வேரூன்றவில்லை. 2010ல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி தலைமையிலான அரசுக் குழு, பேட்டரி இல்லாத இந்த ஸ்டிக்கர் வகைதான், நாடு முழுக்க இது ஒன்றுதான் என்று பரிந்துரைத்தது. 2014ல் அகமதாபாத்–மும்பை வழியில் தொடங்கினார்கள். 2017 டிசம்பரிலிருந்து புது நாலு சக்கர வண்டிகளுக்குக் கட்டாயம். 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைகளில் எல்லா லேனும் ஃபாஸ்டேக் லேன், டேக் இல்லையென்றால் இரட்டைக் கட்டணம் என்று ஆக்கினார்கள். மக்கள் திட்டினார்கள், வரிசை நீண்டது, ஆனால் டோல் சாலைகளின் பெரும்பகுதி மத்திய அரசு என்ற ஒரே முதலாளி கையில் இருந்ததால் உத்தரவு போட முடிந்தது.

அமெரிக்காவில் அந்த ஒரே முதலாளி இல்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் ஒவ்வொரு நெடுஞ்சாலைக்கும் தனித்தனி ஆணையம், தனித்தனிக் கடன், தனித்தனிக் கம்ப்யூட்டர். நியூயார்க்கில் 1993ல் ஈஸி-பாஸ் வந்தது. பேட்டரி போட்ட சின்னப் பெட்டி. பக்கத்து மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இன்று கிழக்குப் பக்கமும் நடுப்பக்கமுமாக ஏறக்குறைய 20 மாநிலங்களில் ஓடுகிறது. புளோரிடா சேர்ந்தது 2021ல்தான். கலிபோர்னியா தனக்கென்று வேறொரு ரேடியோ முறையைச் சட்டமாகவே எழுதி வைத்துக்கொண்டது. 2012ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: மத்திய நிதி பெறும் நெடுஞ்சாலைகளில் உள்ள எல்லா மின்னணு டோலும் 2016 அக்டோபர் 1க்குள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். செய்யாவிட்டால் என்ன தண்டனை என்று எழுதவில்லை. செலவுக்குப் பணமும் ஒதுக்கவில்லை. தேதி வந்தது, போனது.

வேடிக்கை என்னவென்றால் கலிபோர்னியா பிறகு பழைய முறையை விட்டுவிட்டு, நம் ஃபாஸ்டேக் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்து ஸ்டிக்கருக்கு மாறியது. அப்படியும் அந்த டேக் நியூயார்க்கில் செல்லாது. இரண்டு விதமான டேக்கையும் படிக்கும் கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. நியூயார்க்கில் ஓடிய வண்டிக்குக் கலிபோர்னியா பணம் கொடுக்கும் ஒப்பந்தம் இல்லையே, என்ன செய்வது?

ஐரோப்பாவையும் ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாகச் சொல்கிறேன். லாரிகளுக்கு ஆஸ்திரியா 2004ல் மைக்ரோவேவ் கருவி வைத்தது, ஜெர்மனி 2005ல் செயற்கைக்கோளை வைத்து வசூலிக்க ஆரம்பித்தது. எல்லாம் ஒன்றாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டதும் 2004தான். அது போதாமல் 2019ல் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

நாம் ரொம்பவும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். நாமக்கல் நண்பருக்கே தெரிந்திருக்கும்: டெல்லிக்குள் நுழையும் சரக்கு வண்டிக்கு 2019ல் தனியாக இன்னொரு ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையில் படிக்கும்) டேக்கைக் கட்டாயமாக்கினார்கள். கண்ணாடியில் ஃபாஸ்டேக் இருக்கும்போதே! ஏன்? அங்கே வசூலாவது நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை. மாநகராட்சியின் நுழைவுக் கட்டணமும், 2015ல் உச்ச நீதிமன்றம் விதிக்கச் சொன்ன சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணமும். பணம் போகும் பெட்டி வேறு என்பதால் டேக்கும் வேறு.

கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் ஆண்டு பாஸ் விஷயமும் இதேதான். 2025 ஆகஸ்ட் 15ல் 3000 ரூபாய்க்கு அறிமுகமானது: 200 முறை அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலையில் செல்லும். மாநில அரசுச் சாலையின் டோல்கேட்டில் அதே ஸ்டிக்கரைப் படித்து, வழக்கமான கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று கமெண்டில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை, அந்தச் சலுகையை மாநிலம் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பாஸ் விற்கும்போதே இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

அப்புறம், லாரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்சி புத்தகத்தில் உள்ள வகையும் டேக்கில் பதிந்த வகையும் ஒன்றா என்று உங்கள் வங்கி ஆப்பில் பார்த்துவிடுங்கள். லேனில் உள்ள சென்சார் ஆக்சிலைத் தனியாக எண்ணுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தைப் பின்னால் கழிக்கக் கேட்பார்கள். தவறாகக் கழித்தால் டோல்கேட்டில் சண்டை போட்டுப் பயனில்லை. உங்களுக்கு டேக் கொடுத்த வங்கியில் புகார் போட வேண்டும், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும் கூப்பிடலாம்.

கடைசியாக, நாமக்கல் நண்பரே, உங்கள் மகன் நியூயார்க் பக்கம் குடிபோகிறார் என்றால் நியூயார்க் மாநிலம் தரும் ஈஸி-பாஸையே வாங்கச் சொல்லுங்கள். வேறு மாநிலத்து ஈஸி-பாஸும் அங்கே வேலை செய்யும், ஆனால் நகரின் எம்டிஏ (போக்குவரத்து ஆணையம்) பாலங்களில் அதற்குக் கட்டணம் அதிகம்.