மனம் இருந்தது, கணக்கு இல்லையே!

நடுவர் அவர்களே! ‘பல இனமும் சமயமும் கலந்து வாழும் சிங்கப்பூரில் நல்லிணக்கத்தைக் காப்பது மக்களின் மனமா, சட்டமா?’ என்பது தலைப்பு. சட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நம்மை வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு அழைத்துப் போனார். அங்குள்ள சீனர்களின் குவான் இம் கோயிலுக்கு வருகிறவர்கள் பக்கத்துக் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றுகிறார்களே, எந்தச் சட்டம் சொன்னது என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். ஐயா, ஊதுபத்தி ஏற்ற ஐந்து நிமிடம் போதும். அடுத்த வீட்டுச் சாம்பிராணியையும் பெலாச்சான் என்ற இறால் விழுது வாசத்தையும் முப்பது வருஷம் பொறுக்க வேண்டுமே!

1964 ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் இனக் கலவரம் வெடித்தபோது அந்த இரண்டு கோயில்களும் அங்கேதான் இருந்தன. பிறகு கம்பங்களை, அதாவது கிராமக் குடியிருப்புகளை, அரசு கலைத்து மக்களை அடுக்குமாடிக்குக் கொண்டுவந்தது. 1980களில் பார்த்தால் பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங் பக்கம் சீனர்கள் என மறுபடி சேர ஆரம்பித்துவிட்டார்கள். கெட்ட எண்ணமில்லை, அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் தங்கச்சி வீடு தேடினாள், அவ்வளவுதான். அந்த நல்ல மனசுதான் நடுவர் அவர்களே, தனிப்பேட்டையை உண்டாக்குகிறது!

அதனால்தான் அரசாங்க அடுக்குமாடிகளில் எந்த இனமும் ஒரே இடத்தில் அளவுக்கு மீறிச் சேராதபடி 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. இன்று ஒரு புளோக்கில், அதாவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15. பல புளோக்குகள் சேர்ந்த அக்கம்பக்க வட்டாரத்துக்கு 84, 22, 12. கூட்டினால் நூறைத் தாண்டுதே என்று சிரிக்காதீர்கள். அது உச்சவரம்பு, பங்கீடு அல்ல. குடியிருப்பவரை யாரும் கிளப்புவதில்லை. விற்கும்போதும் வாங்கும்போதும்தான் கணக்கு. இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனரின் வீட்டை இந்தியர் வாங்க முடியாது. இன்னொரு இந்தியரின் வீட்டை வாங்கலாம், எண்ணிக்கை மாறாதே. புளோக்கை மட்டும் பார்த்து, வட்டாரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். இரண்டிலும் இடம் வேண்டும்.

வலி இருக்கிறது, மறைக்கவில்லை. சீனர் வரம்பு நிரம்பிய இடத்தில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறையும், விலை இறங்கும். அதற்கும் 2022-இல் விதிதான் வழி விட்டது: நெடுநாள் விற்க முடியாமல் தவிப்பவரின் வீட்டை, நிபந்தனைகளோடு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவே வாங்கிக்கொள்ளும். மனசு வாங்கிக்கொள்ளுமா?

புளோக்கின் பொதுக் கீழ்த்தளத்தைப் பாருங்கள். இந்த வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டுச் சாவு. இரண்டுக்கும் நகரமன்ற அனுமதி வேண்டும். இந்த இரண்டு குடும்பத்தையும் ஒரே மின்தூக்கியில் ஏற்றிவிட்டது யார்? எதிரணி சொல்லட்டும்.